தண்டவாளத்துக்கு வெளியே

இருபத்தாறு வருஷம் டிராம் ஓட்டினேன், ஒஸ்த்ராவா நகரத்தில்.
ஒருநாளும் வண்டியைத் திருப்பியதில்லை.
நிறையப் பேருக்குத் தெரியாது,
டிராமுக்கு ஸ்டீயரிங் கிடையாது.
வளைவைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும்.
நம் கையில் வேகம், பிரேக், மணி.
அவ்வளவுதான்.

இப்போது இந்த மவுஸ்.
எந்தப் பக்கமும் போகிறது, அதுதான் இதன் கோளாறு.
மேசை விளிம்புவரை தள்ளிக்கொண்டே போய்
காபிக் கோப்பையில் முட்டி நிறுத்தினேன்.
"தூக்கி மறுபடி நடுவில் வையுங்கள், திருமதி ஹலூஸ்கோவா"
என்றாள் ராட்கா.
வண்டியைத் தூக்கி வைப்பதா?
பணிமனையில் அதற்குக் கிரேன் வரவேண்டும்,
மூன்று பேர் கையெழுத்தும்.

நூலகத்தின் கீழ்த்தளம், செவ்வாய்தோறும் ஐந்து மணிக்கு.
நாங்கள் ஆறு பேர், கணினி ஐந்து.
பேக்கரியை மூடிவிட்டு நேரே வரும் போரிவோய்
மாவு உப்பிவிட்டதா என்று பார்ப்பதுபோல்
ஒற்றை விரலால் எழுத்தை அழுத்தி
விரலை எடுக்காமல் காத்திருப்பார்.
திரையில் ஓஓஓஓஓ என்று ஒரு வரி முழுக்க ஓடும்.
"யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள்" என்பேன்.

இரட்டைச் சொடுக்கு மட்டும் எனக்கு உடனே வந்தது.
டிங் டிங்.
தடத்தில் நிற்கும் ஆளுக்கு அடிக்கிற மணி அது.
கோப்புறை திறந்து வழிவிட்டது.

வீட்டுக் கணினி, மகன் பிர்னோவிலிருந்து அனுப்பியது.
சமையலறையில், ஜன்னலோரம்.
இத்தனை நாளும் பிளக்கைப் பிடுங்கித்தான் அணைத்தேன்
என்று சொன்னதும்
ராட்கா இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.
முறைப்படி மூட வேண்டுமாம்,
அதுவே தன் வேலைகளை முடித்துக்கொண்டு அணையுமாம்.
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.
டிராமை நடுத்தெருவில் விட்டுவிட்டா
நான் வீட்டுக்குப் போனேன்?

நாலாவது வாரம் ராட்கா சொன்னாள்:
"இன்றைக்குத் தப்புச் செய்யுங்கள். பயப்படாமல் அழியுங்கள்."
மின்சாரக் கட்டணத்தைப் பற்றிய என் புகார்க் கடிதம்,
முக்கால் மணி நேர உழைப்பு.
முழுக்க அழித்தேன். வெள்ளைத் திரை.
"கண்ட்ரோல், இசட்" என்றாள்.
திரும்பி வந்துவிட்டது,
காற்புள்ளி உட்பட.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரேக்.
முழு வேகத்தில், ஈரத் தண்டவாளத்தில்,
மணலைக் கொட்டியும்
எத்தனை மீட்டர் இழுத்துப் போய் நிற்கும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
நவம்பர். தூறல். பாலத்துக்கு முந்தைய நிறுத்தம்.
பச்சை நிறக் கோட்டு.
ஓட்டுநர் மீது தவறில்லை என்று
எழுதி முத்திரை குத்தினார்கள்.
அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கினேன்.
இன்னும் வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியாமல்.

அழித்தேன். வந்தது.
அழித்தேன். வந்தது.
பத்துத் தடவை இருக்கும், பதினைந்தும் இருக்கும்.
போரிவோய் தன் வரியை விட்டுவிட்டு
என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"நன்றாகப் பிடிபட்டுவிட்டது போல" என்றாள் ராட்கா.

"எவ்வளவு தூரம் பின்னால் போகும் இது?"
"இந்தக் கோப்பைத் திறந்த நேரம் வரைக்கும்."
"அதற்கு முன்னால்?"
"போகாது."
சரி என்று தலையாட்டினேன்.
கணினியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரவு வீட்டில் உட்கார்ந்து
புகாரின் முதல் இரண்டு வரியை அடித்தேன்.
மூன்றாவது வரி வேறெங்கோ போயிற்று,
மின்சாரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல்.
போகட்டும் என்று விட்டேன்.
ஒரு பக்கத்துக்குமேல் ஓடியிருந்தது,
நிமிர்ந்து பார்த்தபோது.

மூடப் போனால் ஒரு கேள்வி கேட்கிறது:
மாற்றங்களைச் சேமிக்கவா?
ஆம். இல்லை. ரத்து.

தடம் பிரியும் இடத்தில்
எனக்கு எப்போதும் இரண்டு வழிதான் இருந்தது.
மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு
தேநீர் போட எழுந்தேன்.
காத்திருக்கட்டும்.
பின்னால் வேறு வண்டி ஒன்றும் வரவில்லை.